சூறைக்காற்று வருமுன் ஷெட்டையும் ஷட்டரையும் பாருங்கள்

கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரங்களில் தொழில் செய்வோர் பலர் காற்றுச் சேதத்தைச் சென்னைக்காரர்களின் கவலையாகவே எண்ணுகின்றனர். ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் இங்கு வருவதற்குள் பெரும்பாலும் வலுவிழந்துவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி வெயிலுக்குப் பின் மாலையில் திரளும் இடிமேகத்திலிருந்து குளிர்காற்று இறங்கித் தரையில் விரியும்போது எழும் சூறைக்காற்று, நாள் குறித்துவிட்டு வருவதில்லை. ஆகவே பின்வரும் வேலைகளை மாசி, பங்குனிக்குள் முடித்துவிடுங்கள்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். சரிவு குறைந்த தகரக் கூரையைக் காற்று கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதே அதிகம்; ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த இழுப்பு மிகக் கடுமையாக இருக்கும். எனவே கூரைவேலை தெரிந்தவரை ஏற்றி, முதலில் தகரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட்டுகளில் ஓர வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட்டைச் சுற்றி வட்டமாகத் துருக்கறை படிந்திருந்தால், வெயிலில் காய்ந்து வெடித்த வாஷர் வழியாக நீர் இறங்குகிறது என்று பொருள். அப்படிப்பட்ட போல்ட்டை முறுக்கி விடுவதோடு நில்லாமல் வாஷருடன் மாற்றிவிட வேண்டும். ஓரங்களில் போல்ட்டுகளை நெருக்கமாக அமைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு ஷீட் பறந்து போய் மழையில் நனையும் தோல் சரக்கின் விலைக்கு முன் மிகச் சிறியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால், பலகை போடாமல் யாரையும் அதன்மேல் நடக்க விடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

ஷட்டரைக் கூரையின் பூட்டு என்றே கருதுகிறேன். காற்றை எதிர்கொள்ளும் ஷட்டர் பிய்ந்துகொண்டால், உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ள, வெளிக்காற்று மேலிருந்து இழுக்க, இரண்டும் ஒன்று சேர்ந்துவிடும். பக்கவாட்டுத் தடங்கள் நெளிந்திருந்தால் நிமிர்த்துங்கள். அகன்ற ஷட்டருக்கு நடுவில் கழற்றி மாட்டும் இரும்புத் தூண் வையுங்கள்.

மாடியில் காலியாக நிற்கும் தண்ணீர்த் தொட்டி எளிதில் உருளும்; 500 லிட்டர் நிரப்பினால் அதுவே 500 கிலோ எடையுடன் நிலைத்து நிற்கும். பிளக்ஸ் பலகையைக் கழற்றிவிடுங்கள். மின்கம்பியை ஒட்டிய மரக்கிளையைத் தாமாக வெட்டாமல் மின்வாரியத்திடம் சொல்லுங்கள்.

மேகம் கறுத்ததும் ஷட்டரை இறக்கி, மெயின் ஸ்விட்சை அணைத்து, தொழிலாளர்களைக் கான்கிரீட் கூரையுள்ள அறைக்கு அழைத்துவிடுங்கள். தார்ப்பாய் போடுவதற்காக அந்த நேரத்தில் யாரையும் கூரைமேல் ஏற்றக் கூடாது.

காப்பீட்டுப் பத்திரத்தில் புயல், சூறாவளிச் சேதம் அடங்குகிறதா, தொகை இன்றைய விலைக்கு ஈடாக உள்ளதா என்று இப்போதே பாருங்கள். ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா காப்பீட்டில் இது அடங்கும். சேதம் நேர்ந்தால், குப்பையை அள்ளுவதற்கு முன் படம் எடுத்துவிட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். பிய்ந்த ஷீட்டுகளை, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டாம்.