அமெரிக்கத் தேர்தல் முடிவை மதுரையிலிருந்தே கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி?

அமெரிக்க அதிபர் தேர்தலின் முடிவைத் தாமே கணக்கிட்டுப் பார்க்க விரும்புவோர், நாடு முழுவதும் யார் எத்தனை வாக்கு வாங்கினார் என்ற எண்ணை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். 2016இல் ஹிலாரி கிளிண்டன் டொனால்ட் டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றும் தோற்றார். 2000இல் அல் கோருக்கும் அதே கதிதான். ஃபுளோரிடாவில் வெறும் 537 வாக்குகளில் பின்தங்கியதால் அதிபர் பதவி ஜார்ஜ் புஷ்ஷுக்குப் போய்விட்டது.

எண்ண வேண்டியது, மக்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் உண்டோ, அவற்றோடு மேலவையான செனட்டின் 2 இடங்களையும் கூட்டினால் அந்த மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை கிடைக்கும். சபையின் 435, செனட்டின் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3 என மொத்தம் 538. வெற்றிக்கு 270 வேண்டும். நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் மதுரை மாவட்டத்தின் 10 சட்டமன்ற உறுப்பினர்களும், 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி ஆளுக்கு 176 என்ற வாக்கு மதிப்போடு, தாங்களே வாக்களிக்கிறார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அமெரிக்காவிலும் செனட்டர்களே அதிபரைத் தேர்ந்தெடுப்பதாகத் தோன்றலாம். உண்மையில் செனட்டரோ பிரதிநிதிகள் சபை உறுப்பினரோ தேர்வாளராக இருக்க அந்நாட்டு அரசமைப்புச் சட்டமே தடை விதிக்கிறது. அதிபர் வேட்பாளரின் பெயருக்கு எதிரே மக்கள் இடும் வாக்கு, அவர் சார்பில் நிற்கும் தேர்வாளர்களுக்கே சேர்கிறது.

இனி ஒரு தாளை எடுத்து மாநிலங்களையும் எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: கலிபோர்னியா 54, டெக்சாஸ் 40, ஃபுளோரிடா 30, நியூயார்க் 28 என்று. ஒரு வேட்பாளர் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றாலும் மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் அவருக்கே. மெய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு மட்டும் தொகுதிவாரியாகவும் பிரித்துக் கொடுக்கும். பெரும்பாலான மாநிலங்களின் முடிவு முன்கூட்டியே ஊகிக்கக்கூடியது என்பதால் அவற்றில் நேரம் செலவிட வேண்டாம். 2024இல் இழுபறியாகக் கருதப்பட்டவை பென்சில்வேனியா (19), வட கரோலினா (16), ஜார்ஜியா (16), மிச்சிகன் (15), அரிசோனா (11), விஸ்கான்சின் (10), நெவாடா (6) ஆகிய ஏழு. அந்த ஏழையும் வென்றே டிரம்ப் 312 என்ற எண்ணை எட்டினார். தொலைக்காட்சியில் டிரம்பின் குடியரசுக் கட்சிக்குரிய சிவப்பு நிறத்தில் பரந்து கிடக்கும் வரைபடத்தை நம்ப வேண்டாம். அது நிலத்தைக் காட்டுகிறது, ஆட்களை அல்ல.

வாக்குப்பதிவு நவம்பரின் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. 2028இல் அது நவம்பர் 7. முதல் வாக்குச்சாவடிகள் மூடும்போது நமக்குப் புதன்கிழமை அதிகாலை 4.30, அலாஸ்காவின் கடைசிச் சாவடி மூடும்போது முற்பகல் 11.30. ஆகவே இரவு முழுவதும் விழித்திருக்கத் தேவையில்லை. நாடு முழுமைக்கும் முடிவை அறிவிக்க நம் தேர்தல் ஆணையம் போன்ற அமைப்பு அங்கு இல்லாததால், அன்று கேட்பவையெல்லாம் செய்தி நிறுவனங்களின் கணிப்புகளே. 2020இல் செவ்வாயன்று நடந்த தேர்தலில் ஜோ பைடனின் வெற்றியைச் சனிக்கிழமைதான் அவை அறிவித்தன. தேர்வாளர்கள் டிசம்பரில் வாக்களிக்க, ஜனவரி 6இல் நாடாளுமன்றம் அவற்றை எண்ண, ஜனவரி 20இல் பதவியேற்பு. யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் மட்டும் பிரதிநிதிகள் சபை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில், அதிபரைத் தேர்ந்தெடுக்கும். செனட்டர்கள் துணை அதிபரைத் தேர்ந்தெடுப்பார்கள். சபை அதிபரைக் கடைசியாகத் தேர்ந்தெடுத்தது 1824ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு.

செனட் தேர்தலுக்கு அதே தாளில் தனிப் பத்தி போடுங்கள். தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்றம் தேர்ந்தெடுப்பது போலவே, 1913 வரை செனட்டர்களையும் மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. அந்த ஆண்டின் 17ஆவது திருத்தம் அந்த உரிமையை மக்களிடம் தந்தது. பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கே தேர்தல் என்பதால், நீடிக்கும் உறுப்பினர்களின் கட்சி எண்ணிக்கையை முதலில் எழுதி அதன்மேல் கூட்ட வேண்டும். மாநிலத்துக்கு 2 என்பதில் மக்கள்தொகைக்கு இடமில்லை: 2011 கணக்கில் 10 லட்சம் பேர் இருந்த மதுரை மாநகராட்சியைவிடச் சிறிய வயோமிங்குக்கும், சுமார் 3.9 கோடி பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் ஒரே பலம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

செனட்டில் 51 இடங்கள் பிடித்த கட்சி நினைத்ததையெல்லாம் செய்துவிட முடியாது. அதிபர் நியமிக்கும் நீதிபதிகளை ஏற்க எளிய பெரும்பான்மை போதும். ஆனால் பெரும்பாலான மசோதாக்களின் மீதான விவாதத்தை முடிக்க 60 வாக்குகளும், பிற நாடுகளுடனான ஒப்பந்தங்களை ஏற்க மூன்றில் இரண்டு பங்கும் தேவை. துணை அதிபருக்கு வாக்குகள் சமமாகும்போது மட்டும் ஒரு வாக்கு; கமலா ஹாரிஸ் அதை 33 முறை பயன்படுத்தினார். அதிபருக்கு அவையில் வாக்கே இல்லை. ஆனால் அவர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினால், இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால்தான் அதை மீண்டும் நிறைவேற்ற முடியும்.

அமெரிக்காவில் வேலை செய்யும் மகனிடமோ மருமகளிடமோ யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்பதற்கு முன் அவர்கள் குடியுரிமை பெற்றவர்களா என்று பாருங்கள். வேலை விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் இந்தத் தேர்தல்களில் வாக்களிக்க முடியாது; மீறினால் நாடு கடத்தப்படும் அளவுக்குச் சிக்கல் வரலாம். உசிலம்பட்டியில் பிறந்து அங்கே குடியுரிமை பெற்ற ஒருவர், ஒன்பது ஆண்டுகள் கழிந்து 30 வயதும் நிறைந்திருந்தால், தாம் வசிக்கும் மாநிலத்தில் செனட்டராகலாம். அதிபராக மட்டும் முடியாது, அப்பதவி பிறப்பால் குடிமக்களானவர்களுக்கே உரியது.