தேய்ந்த கல்லறை எழுத்தைப் படிக்க டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துப் பழைய கல்லறைகளில் எழுத்து தேய்ந்த கல்லைப் படிக்க, போன் டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். கல்லின் ஓரத்தை ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். வெயிலாக இருந்தால் ஒருவர் குடை பிடிக்கட்டும். வெட்டிய பள்ளத்துக்குள் வெளிச்சம் இறங்காது, நிழல் தங்கும். மழுங்கிய எழுத்தும் எடுப்பாகத் தெரியும். நாலு பக்கமிருந்தும் படம் எடுங்கள், ஒன்றில் மறைந்த கோடு இன்னொன்றில் இருக்கும்.

பெயரைவிட முதலில் ஆண்டைத் தேடுங்கள். படைவீரர் கல்லில் 1783 என்றிருந்தால் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்ட சண்டையில் இறந்தவராக இருக்கலாம். அதில் பிரெஞ்சுப் படையை நடத்திய புஸ்ஸி 1785-ல் புதுச்சேரியில்தான் இறந்தார்.

சாக்பீஸ் தேய்ப்பது, எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். சலவைக்கல்லைப் புளிப்பு அரித்துவிடும், அப்புறம் அடுத்தவருக்கு எதுவும் மிஞ்சாது.

வெள்ளையடித்து எழுத்து அடைபட்ட கல்லிலும், உப்புக்காற்றில் மேல்பரப்பே உரிந்த கல்லிலும் இந்த வழி செல்லாது. அதற்குக் அந்தப் பகுதிக் கிறிஸ்தவ தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.