பித்தளைச் செம்பை வைத்து ஒரு கணக்கு: நிறையைப் பருமனாக்கும்போது எங்கே தப்புகிறது?

போன மாதம் மதுரை வெண்கலக்கடைத் தெருவில் ஒரு பித்தளைச் செம்பு வாங்கினேன். தராசில் 425 கிராம். சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் முன்னால் அதை வைத்து, "இதில் பித்தளை எத்தனை கன செ.மீ.?" என்று கேட்டேன்.

முதலில் கை தூக்கியவன் 47.4 என்றான். அடர்த்தி அட்டவணையில் (ஒரு கன செ.மீ.-க்கு எத்தனை கிராம் என்ற பட்டியல்) 'செம்பு' என்று தேடி 8.96-ஆல் வகுத்திருக்கிறான்! பாத்திரத்துக்கும் உலோகத்துக்கும் ஒரே பெயர், அவனைக் குறை சொல்ல முடியாது. பித்தளையில் துத்தநாகமும் கலந்திருப்பதால் அடர்த்தி ஏறத்தாழ 8.5 தான். 425 ÷ 8.5 = 50.

இன்னொருத்தி பெருக்கிவிட்டாள். விடை 3612. அவ்வளவு பித்தளை இருந்தால் செம்பு 30 கிலோ இருக்கும், தூக்கவே ஆள் வேண்டும். கன செ.மீ. எண்ணிக்கை கிராம் எண்ணிக்கையைத் தாண்டினால் பெருக்கிவிட்டோம் என்று அர்த்தம். (தண்ணீரில் மிதக்கும் சோடியம், பொட்டாசியத்தை விட்டுவிடுங்கள், அதில் யாரும் பாத்திரம் அடிப்பதில்லை.)

அப்புறம் வந்ததுதான் நல்ல கேள்வி. "சார், இதுல ஒரு லிட்டர் தண்ணி பிடிக்குமே, 50 எப்படி?" ஒரு லிட்டர் என்பது செம்பின் வயிறு. 50 என்பது அதன் தோல். உருக்கினால் சின்ன டபராவில் அடங்கிவிடும். நம்பாதவர்கள் தண்ணீரில் முக்கி அளக்கலாம், ஆனால் உள்ளேயும் தண்ணீர் நிரம்ப வேண்டும். கவிழ்த்து முக்கினால் காற்று சிக்கி, அளவு எகிறிவிடும்.

அலகுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. சில புத்தகங்களில் பித்தளை 8500 என்று இருக்கும், அது கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. 425-ஐ நேராக 8500-ஆல் வகுத்தால் 0.05 வரும். அதைக் கன செ.மீ. என்று எழுதினால் செம்பு மூக்குத்தி ஆகிவிடும். கிராமை முதலில் 0.425 கிலோ ஆக்குங்கள். வரும் 0.00005 கன மீட்டரை 10 லட்சத்தால் பெருக்கினால் அதே 50. கன மி.மீ. வேண்டுமென்றால் 1000-ஆல் பெருக்க வேண்டும், 10-ஆல் அல்ல.

பித்தளையில் பார்த்த கலப்புக் கதைதான் தங்கத்திலும்: அடர்த்தி 19.3 என்பது சுத்தத் தங்கத்துக்கு. தெற்காவணி மூல வீதியில் வாங்கும் 22 கேரட் நகைக்கு 18-க்குக் கொஞ்சம் கீழே.

காய்கறிக் கடையின் 500 கிராம் இரும்பு எடைக்கல்லை 7.87-ஆல் வகுக்காதீர்கள். அது வார்ப்பிரும்பு, 7.2 அளவில்தான் இருக்கும். 63.5 இல்லை, 69 கன செ.மீ. பக்கம் வரும். அதுவும் கல்லைத் திருப்பிப் பார்க்காமல் சொன்னால்தான்: அடிக்குழியில் முத்திரை குத்திய ஈயம் இருக்கும், அதன் அடர்த்தி 11.3.