செம்பனைக்கும் கேமரன் மலைக்கும் நடுவே: தவளைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரன் மலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் இருக்கும் தாப்பாவில் மழை விட்ட இரவில் வாசலில் நின்றால் தவளைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கால்வாய்க்குள்ளிருந்து குண்டுத் தவளை மாட்டுக்குரலில் கத்தும். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டப் பக்கமிருந்து இன்னொரு கூட்டம் பதில் கொடுக்கும். இவ்வளவு சத்தம் கேட்டால் வகைகளும் ஏராளமாக இருக்கும் என்றுதான் மனம் சொல்லும். முதல் தவறு இங்கேதான். எத்தனை தவளை என்பது ஒரு கேள்வி, எத்தனை வகைத் தவளை என்பது வேறு கேள்வி.

தீபகற்ப மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களையும், வெட்டப்பட்டு மறுபடி வளர்ந்த காடுகளையும் ஒப்பிட்டு 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தோட்டத்தில் தவளைகள் நன்றாகவே பெருகுகின்றன. சில அளவுகோல்களில் காட்டுக்கும் தோட்டத்துக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் இரண்டும் வெகுவாக வேறுபட்டன. தோட்டத்தில் இருந்தவை வயல், குட்டை, கிளறிப்போட்ட நிலம் என்று எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும் சாதாரண வகைகள். ஆகவே எண்ணிக்கையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். பெயர்களையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்ததுதான் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு. படிவம் 6 ஆய்வேடுகளிலும் இதைப் பார்க்கிறேன், பல்கலைக்கழக மாணவர்களிடமும் பார்க்கிறேன். தாப்பாவில் ஓர் இரவு, மேலே கேமரன் மலையின் தானா ராத்தாவில் ஓர் இரவு எண்ணிப் பார்ப்பார்கள். மேலே காட்டில் புதுப்புது வகைகள் தென்படும். உடனே, 'உயரம் கூடக் கூட வெப்பம் குறைகிறது, அதனால் தவளை வகைகள் கூடுகின்றன' என்று முடிவு எழுதிவிடுவார்கள். வெப்பக் கணக்கு சரிதான். 100 மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரி குறையும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருப்பதால் எட்டு ஒன்பது டிகிரி குளிர்ச்சி கிடைக்கிறது.

ஆனால் அந்தச் சாலையில் மாறியது உயரம் மட்டுமா? கீழே எண்ணியது தோட்டத்தில், மேலே எண்ணியது காட்டில். கீழே காடு இருந்த இடத்தில் முதலில் ரப்பர் வந்தது. 1917-இல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமாராம் தோட்டத்தில் வணிகத்துக்காகச் செம்பனை நடத் தொடங்கினார்கள். பிறகு தாழ்நிலக் காட்டின் பெரும்பகுதி ஒரே மாதிரி வரிசை மரங்களாகிவிட்டது. தாழ்நிலத்தில் வகை குறைவாகத் தெரிவதற்கு வெப்பம் காரணமா, வெட்டப்பட்ட காடு காரணமா என்பதை உங்கள் இரண்டு இரவுக் கணக்கு சொல்லாது. உலக அளவில் பார்த்தால், சூடும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும் தாழ்நில மழைக்காடுகள் தவளை வகைகள் மிகச் செழித்த இடங்களில் அடங்கும். மலை உச்சியின் பெருமை பெரும்பாலும் வேறு: அங்கே மொத்த வகை குறைந்தாலும், அந்த மலையை விட்டு வேறெங்கும் இல்லாத வகைகள் கிடைக்கும்.

சரி, எப்படிச் செய்வது? இரண்டு இடம் போதாது, நான்கு வேண்டும். தாழ்நிலத்தில் ஒரு தோட்டம், அதே உயரத்தில் ஒரு காடு. மலையில் ஒரு காடு, அதே உயரத்தில் ரிங்லெட் பக்கம் ஒரு காய்கறித் தோட்டமோ தேயிலைத் தோட்டமோ. தாழ்நிலக் காடு எங்கே மிச்சம் என்று கேட்பீர்கள். நெகிரி செம்பிலானில் பாசோ காடு இருக்கிறது, மூன்று பக்கமும் செம்பனை சூழ நிற்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், 'உயரத்தின் விளைவு' என்ற தலைப்பை மாற்றிவிடுங்கள். அது இன்னும் நேர்மையானது.

தோட்டம் தவளைக்கு என்ன செய்கிறது என்பதை ஒரு தலைப்பிரட்டையை வைத்துப் பார்க்கலாம். மலையடிவாரத்தில் பாறை மேல் விழுந்து ஓடும் நீரில் லாருட் அருவித் தவளை என்ற வகை வாழ்கிறது. அதன் தலைப்பிரட்டைக்கு வயிற்றுப் பக்கம் ஓர் உறிஞ்சி இருக்கும். அதை வைத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு, வெள்ளம் மேலே அடித்துக்கொண்டு போனாலும் அசையாமல் பாசியைச் சுரண்டித் தின்னும். மேலே நிலத்தைத் திருத்தினால் சேறு வந்து பாறையில் படியும். பாசியும் மூடிவிடும், ஒட்டிக்கொள்ளவும் இடம் இல்லை. காற்றின் வெப்பம் அரை டிகிரிகூட மாறாமலே அந்த ஓடையிலிருந்து ஒரு வகை காணாமல் போகலாம்.

இதற்கு நேர் எதிர், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் நுரைக்கூடு கட்டும் மரத்தவளை. துணி துவைத்த நுரையைக் கையால் வழித்து ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். மேல் பக்கம் காய்ந்து தோலாகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். முட்டை பொரிந்ததும் குஞ்சுகள் கீழே தண்ணீரில் விழும். ஓடை வேண்டாம், பாறை வேண்டாம், ஒரு பழைய தொட்டி போதும். தவளையின் தோல் மெல்லியது, முட்டைக்கு ஓடு கிடையாது. ஆகவே ஈரத்தை எந்த வகை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பார்த்தால்தான் அது எங்கே வாழும் என்று புரியும்.

ஆண்டு மழையளவை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது மூன்றாவது தவறு. தைப்பிங்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் கொட்டும். தீபகற்பத்தில் மழை குறைந்த வட்டாரம் என்று பெயர்பெற்ற ஜெலுபுவில் அதில் பாதிகூடக் கிடையாது. ஆனால் மேலே சொன்ன பாசோ மழைக்காடு அந்த ஜெலுபு மாவட்டத்தில்தான் இருக்கிறது! மொத்த அளவைவிட, மழை எப்படிப் பிரிந்து விழுகிறது, விழுந்த தண்ணீர் நிழலில் தங்குகிறதா வெயிலில் காய்கிறதா என்பது முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளைப் பாருங்கள். பல வகைகளுக்குக் குட்டையே தேவையில்லை. ஈரமான இலையிலோ மண்ணிலோ முட்டையிடும். முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும். அவற்றுக்குக் குளம் வெட்டிக் கொடுத்துப் பயனில்லை, காற்றில் ஈரம் வேண்டும்.

தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர்தான் என்றும் எழுதிவிடாதீர்கள். உப்பு பொதுவாகத் தவளைக்கு எமன். கடல் நடுவே தானாக எழுந்த ஹவாய் போன்ற தீவுகளில் சொந்தத் தவளையே இல்லாததற்கு அது பெரிய காரணம். ஆனால் நம் கடலோரச் சதுப்புகளில் நண்டு தின்னித் தவளை உவர்நீரில் வாழ்கிறது. உடம்பில் யூரியாவைச் சேர்த்து வைத்துக்கொண்டு உப்பைச் சமாளிக்கிறது.

இன்றைய வானிலை மட்டுமே எல்லாவற்றையும் விளக்கும் என்ற நம்பிக்கையும் ஆபத்து. மலேசியாவில் ஈரமும் வெப்பமும் இவ்வளவு இருந்தும் தவளையின் உறவான, பல்லி போல் வாலுள்ள சாலமாண்டர் ஒன்றுகூடக் கிடையாது. வடக்கே தாய்லாந்து, வியட்நாம் வரைதான் அவை வந்திருக்கின்றன. அவற்றின் பெரிய கூட்டம் குளிரும் பனியும் உள்ள அமெரிக்க அப்பலாச்சியன் மலைகளில் இருக்கிறது. எங்கே தோன்றியது, எந்த வழியில் பரவியது என்பதும் கணக்கில் வர வேண்டும். கேரளப் பக்கம் கண்டறிந்து 2003-இல் பெயரிட்ட ஊதாத் தவளையின் நெருங்கிய உறவுகள் சீஷெல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. நிலங்கள் பிரிந்த பழங்கதை அது, இன்றைய மழைமானி சொல்லாது.

அந்த ஊதாத் தவளை ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடக்கும். வேறு மாதத்தில் தேடினால் 'இல்லை' என்றுதான் எழுதுவீர்கள். காணவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. வரைபடத்தில் தவளை நிறைந்த இடங்கள் பல நேரம் சாலையோரமாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்; ஆள் போய்த் தேடிய இடம் அது, அவ்வளவுதான். ஒரே பெயருக்குள் பல வகைகளும் ஒளிந்திருக்கும். அருவித் தவளைகளை நுணுகிப் பார்த்தபோது 2018-இல் தீபகற்பத்திலேயே இரண்டு புதிய வகைகளைப் பிரித்துப் பெயரிட்டார்கள். அதற்கு முந்திய பட்டியலையும் பிந்திய பட்டியலையும் அப்படியே ஒப்பிட்டால், தவளை கூடிவிட்டது என்று தப்பாகத் தெரியும்.

ஆகவே குறிப்பேட்டில் தேதி, நேரம், கடைசியாக மழை பெய்தது எப்போது, எத்தனை பேர் எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். ஒன்றும் கிடைக்காத இரவையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். அப்புறம் ஒன்று, கொசு மருந்து தடவிய கையால் தவளையைத் தொடாதீர்கள். அந்தத் தோல் தண்ணீரை மட்டுமல்ல, மருந்தையும் உறிஞ்சும்.