குரூஸ் கப்பலில் கிட்ஸ் கிளப்: ஸ்கிரீன் இல்லாத நேரம் பார்த்துப் பிள்ளையை அனுப்புவது எப்படி

குரூஸ் கப்பலில் ஊழியர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு விளையாட வைக்கும் இடம்தான் கிட்ஸ் கிளப். அங்கேயும் பிள்ளை திரை முன்னால் உட்காரக் கூடாது என்று, வீடியோ கேமே இல்லாத கிளப் எந்தக் கப்பலில் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். பெரிய குரூஸ் கப்பல்களில் பெரும்பாலும் கிளப்பின் ஒரு மூலையில் கேம் கன்சோலும் சுவரில் பெரிய டிவியும் இருக்கத்தான் செய்யும். அதே அறையில் காலை 10 மணிக்கு சோடா உப்பில் வினிகர் ஊற்றி எரிமலை பொங்கவைப்பார்கள். இரவு 8 மணிக்கு எல்லோரையும் உட்காரவைத்துப் படம் போடுவார்கள். பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது நேரத்தைத்தான்.

கிளப்புக்கென்று தனி நிகழ்ச்சி நிரல் உண்டு. கப்பல் ஏறிய நாளே, பிள்ளையின் பெயரைப் பதியும்போது கேட்டு வாங்கிவிடுங்கள். புதையல் வேட்டை, முகமூடி செய்தல், பந்து விளையாட்டு என்று பிள்ளை கையால் காலால் என்ன செய்யும் என்பது தெளிவாக இருக்கும் வரிகளைக் குறித்துக்கொள்ளலாம். ‘ஃப்ரீ பிளே’, ‘ஹேங் அவுட்’ என்று இருந்தால் உஷார். அந்த நேரத்தில் யாரும் எதையும் நடத்துவதில்லை. பிள்ளைகள் நேராகக் கன்சோலுக்குத்தான் போவார்கள். ‘பைஜாமா பார்ட்டி’ என்பது அநேகமாகப் படம் பார்ப்பதுதான். ‘டான்ஸ் பார்ட்டி’ இரண்டும் கெட்டான்: சில இடங்களில் பாட்டு மட்டும், சில இடங்களில் திரையைப் பார்த்து ஆடும் கேம். கேட்டுவிடுவது நல்லது.

ஊழியர்களிடம் கேட்க வேண்டியவை மூன்று. கன்சோல் எந்த நேரத்தில் ஓடும்? நிகழ்ச்சி நடக்கும்போது அதை அணைத்துவைப்பீர்களா? பிள்ளைக்கு அந்த நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்றால் எங்கே உட்காரவைப்பீர்கள்? மூன்றாவதுதான் முக்கியம். ‘அங்கே டிவி பார்க்கலாம்’ என்ற பதில் வந்தால், பிள்ளைக்கு நிஜமாகவே பிடித்த நிகழ்ச்சிகளுக்கு மட்டும் அனுப்புங்கள்.

கப்பல் நாள் முழுக்கக் கடலில் ஓடும் நாட்களில் பிள்ளைகள் அதிகம், நிகழ்ச்சிகளும் நெருக்கமாக இருக்கும். துறைமுகத்தில் நிற்கும் நாளில் பாதிப் பேர் ஊர் சுற்றப் போய்விடுவதால் வெவ்வேறு வயதுக்காரர்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவதுண்டு. அப்போது திரைதான் எளிய வழி. பிள்ளையோடு நீங்களும் கரைக்கு இறங்குவதற்கு ஏற்ற நாள் அதுதான்.

பிரிவுகள் பொதுவாக 3–5, 6–8, 9–11 வயது என்று இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டயப்பர் விடாத பிள்ளையைத் தனியே சேர்த்துக்கொள்வது அரிது. அண்ணனும் தம்பியும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால், பெரியவனைச் சின்னவர்கள் பிரிவில் விடச் சில கப்பல்களில் சம்மதிப்பார்கள். சின்னவனை மேலே ஏற்றுவது கஷ்டம். டேலன்ட் ஷோ மாதிரி பல நாள் ஒத்திகை கேட்கும் நிகழ்ச்சியில் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். நடுவில் நுழைகிற பிள்ளை வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் நிற்கும்.

அலை அதிகமான நாளில் மணி கோர்ப்பது, நுணுக்கமாக வரைவது வேண்டாம். குனிந்தபடி கிட்டத்தில் உற்றுப் பார்த்தால் குமட்டல் கூடும். மேல்தளங்களில் ஆட்டமும் அதிகம் தெரியும். தொடுவானம் தெரிகிற இடத்தில் நடமாடும் விளையாட்டே மேல். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கி எளிதில் பரவும் நோரோவைரஸுக்கு சானிடைசர் போதாது. சோப்புப் போட்டுத்தான் கை கழுவ வேண்டும்.

டேப்லெட் திரும்பக் கைக்கு வருவது பெரும்பாலும் கிளப் மூடியிருக்கும் மதியத்திலும் இரவுச் சாப்பாட்டு மேசையிலும்தான். ஒரு சீட்டுக்கட்டு, சின்ன நோட்டு, 12 கலர் பென்சில், முடிச்சுப் போட்டுப் பழக 2 மீட்டர் கயிறு: இவை ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். பலகை விளையாட்டு என்றால் காந்தம் வைத்தது எடுங்கள். மற்றதில் காய்கள் கப்பல் ஆட்டத்தில் உருண்டுவிடும். சீட்டைத் திறந்த தளத்தில் பிரிக்காதீர்கள், காற்று கொண்டுபோய்விடும்.

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை தானாகவே கிளப்பிலிருந்து வெளியேறலாமா என்று பதிவுப் படிவத்தில் கேட்கும் கப்பல்களும் உண்டு. சம்மதம் கொடுத்தால், பிள்ளை அடுத்துப் போகிற இடம் காசு கொடுத்து வீடியோ கேம் ஆடும் ஆர்கேடாக இருக்கலாம். பல கப்பல்களில் அங்கே கேபின் கதவைத் திறக்கும் அட்டையைத் தேய்த்தாலே உங்கள் கணக்கில் செலவு ஏறும். வரவேற்பு மேசையில் சொல்லி, பிள்ளையின் அட்டையில் செலவு செய்யும் வசதியை முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.