நோயாளியின் மின்னஞ்சலைப் பதிவேட்டில் சேர்ப்பது

கீழக்கரை, தொண்டி பக்கம் ஸ்கேன் ரிப்போர்ட் பாதி நேரம் வளைகுடாவில் இருக்கும் மகனின் மெயிலில் இருந்துதான் வரும். அனுப்பியவர் பெயரை வைத்துக் கோப்பைத் தேடாதீர்கள். நோயாளி பெயர், பிறந்த தேதி, பதிவு எண் மூன்றும் பொருந்த வேண்டும். ஒரே தெருவில் நாலு செய்யது இப்ராஹிம் இருப்பார்கள்.

மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டினால் போதாது. அனுப்பியவர், பெறுநர், தேதி, நேரம் தெரியும்படி பிடிஎஃப் ஆக்கி, இணைப்புகளைத் தனித்தனியாக ஏற்றுங்கள். ஏற்றியதைத் திறந்து பார்த்த பிறகே இன்பாக்ஸிலும் குப்பைத்தொட்டியிலும் அழியுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் நகலைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பதில் அனுப்பும்போது தலைப்பில் பெயரோ நோயோ வேண்டாம். 'உங்கள் அறிக்கை' போதும். அனுப்பும் அறிக்கையைத் திறக்கும் கடவுச்சொல்லைப் போனில் சொல்லுங்கள், பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். இரண்டெழுத்து அடித்ததும் முகவரியைத் தானே நிரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். தவறான ஆளுக்குப் போவது பெரும்பாலும் அதனால்தான்.

அறிக்கையை மகனே கேட்டாலும் அனுப்புவதற்கு நோயாளியின் எழுத்துச் சம்மதம் கோப்பில் வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.