சீடி படிக்கவில்லையா? லேசர் மேல் பழி போடுவதற்கு முன்

பழைய சீடி பிளேயரோ டிவிடி டிரைவோ தட்டைப் படிக்க மறுத்தால், "லேசர் போயிடுச்சு" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் லேசர் நன்றாகத்தான் இருக்கும். அதைச் சரியான உயரத்திலும், தகவல் பதிந்திருக்கும் சுருள் தடத்திலும் பிடித்து வைக்கிற ஏற்பாடுதான் தடுமாறியிருக்கும். இது தெரியாமல் கை வைத்தால், பிழைக்க வேண்டிய டிரைவும் குப்பைக்குப் போகும்.

அந்த ஏற்பாடு செய்யும் வேலை சாதாரணமானதல்ல. சீடியில் தடத்துக்குத் தடம் இடைவெளி 1.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டிவிடியில் 0.74, புளூரேயில் 0.32. சுழலும்போது தட்டு அரை மில்லிமீட்டர் அளவுக்குக்கூட மேலும் கீழும் ஆடும். ஆனால் சீடியிலேயே ஃபோகஸ் ஏறக்குறைய 2 மைக்ரானுக்கு மேல் பிசகக் கூடாது. அதனால்தான் லென்ஸை மெல்லிய கம்பிகளில் நிறுத்தி, காந்தங்களுக்கு நடுவே சின்னச் சுருள்களால் ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். எந்தப் பக்கம் நகர்த்துவது? தட்டில் பட்டுத் திரும்பும் ஒளி, நான்கு கட்டமாகப் பிரித்த உணரியில் விழுகிறது. உயரம் சரியாக இருந்தால் வட்டப் புள்ளி. தட்டு கிட்டே வந்தால் அது ஒரு மூலைவிட்டத்தில் நீளும், விலகினால் மற்றதில். எதிரெதிர்க் கட்டங்களில் விழும் ஒளியை ஜோடியாகக் கூட்டி, ஒரு ஜோடியிலிருந்து மற்றதைக் கழித்தால் திசை தெரிந்துவிடும். தடத்தைப் பிடிக்க, பல சீடி பிளேயர்களில் இருபுறமும் இரண்டு துணைக் கதிர்கள் உண்டு.

லென்ஸில் தூசிப் படலம் படிந்தால் இந்தக் கணக்குக்கு வரும் ஒளி குறைகிறது. இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது: பிக்கப்பில் (லேசரும் லென்ஸும் சேர்ந்த பகுதி) இருக்கும் குட்டி பிரீசெட்டை, அதாவது திருகி அளவு மாற்றும் மின்தடையை, திருகி லேசரின் சக்தியைக் கூட்டுவது. தட்டு உடனே ஓடும், வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அதிக மின்னோட்டத்தில் லேசர் டயோடின் ஆயுள் வேகமாகக் கரையும். அப்புறம் உண்மையிலேயே லேசர் போய்விடும். பிரீசெட்டைத் தொடாதீர்கள், முதலில் லென்ஸைத் துடையுங்கள்.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான லென்ஸ்கள் பிளாஸ்டிக். அசிட்டோனோ நெயில் பாலிஷ் ரிமூவரோ பட்டால் மங்கிவிடும். காட்டன் பட்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, எடையே இல்லாத மாதிரி ஒற்றி எடுங்கள். அழுத்தினால் கம்பி வளைந்து லென்ஸ் சாய்ந்துவிடும், அதை நிமிர்த்துவது கிட்டத்தட்ட முடியாத காரியம். டிரைவைத் திறந்து ஓடவிட்டு லென்ஸுக்குள் உற்றுப் பார்ப்பதும் வேண்டாம். சீடி லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது.

முதல் சில பாடல்கள் ஓடி, பிற்பகுதியில் மட்டும் தாவுகிறதா? சீடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது, அதனால் பிக்கப் வெளிப்பக்கம் நகரும்போது சிக்கியிருக்கலாம். பிக்கப் நகரும் தண்டவாளத்தில் காய்ந்துபோன கிரீஸைப் பாருங்கள். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சமே தடவுங்கள். சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது.

தட்டை வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள். குறுக்குக் கீறலை பிளேயரின் பிழைதிருத்தம் (விடுபட்ட தகவலைக் கணக்கிட்டு நிரப்பும் ஏற்பாடு) சமாளித்துவிடும். தடத்தோடு நெடுக ஓடும் கீறலில் அது திணறும். சீடியின் லேபிள் பக்கம் இன்னும் மென்மையானது, ஏனென்றால் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது.

பிக்கப்பையே மாற்றுவதாக இருந்தால், புதியதில் லேசரை நிலைமின்சாரத்திலிருந்து காக்கப் பெரும்பாலும் ஒரு சால்டர் பொட்டு (பற்றவைத்த உலோகத் துளி) வைத்திருப்பார்கள். ரிப்பன் கேபிளை மாட்டிய பிறகுதான் அதை எடுக்க வேண்டும்.